கப்பலோட மெயின் எஞ்சின் ஏன் இவ்ளோ மெதுவா சுத்துது?

வாட்ஸப்ல ரொம்ப வருஷமா ஒரு போட்டோ சுத்திட்டிருக்கு, பெரிய க்ராங்க்‌ஷாஃப்ட் ஒண்ணு (பிஸ்டன் மேலயும் கீழயும் போறதை சுத்தா மாத்துற அச்சு) படுத்திருக்கும், பக்கத்துல ஒரு ஆள் நிப்பாரு, அவரைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும், கீழ "உலகத்துலயே பெரிய டீசல் எஞ்சின்"னு எழுதி ஒரு லட்சம் ஹெச்பிக்கு மேலன்னு போட்டிருப்பாங்க. விஷயம் உண்மைதான். 2006ல டென்மார்க் ஓடென்சே யார்டுல கட்டி முடிச்ச எம்மா மெர்ஸ்க்ங்கிற கன்டெய்னர் கப்பல்ல உக்காந்திருக்குற வார்ட்சிலா-சுல்சர் ஆர்டி-ஃப்ளெக்ஸ்96சி எஞ்சினுக்கு 14 சிலிண்டர், பவர் 80,080 கிலோவாட், அதாவது கிட்டத்தட்ட 1,09,000 ஹெச்பி, எடை 2300 டன், நீளம் 27 மீட்டர் கிட்ட, உயரம் 13.5 மீட்டர். எல்லாரும் இந்த நம்பர்களைப் பாத்து வாயப் பொளந்துட்டு ஃபார்வர்ட் பண்ணிட்டு போயிடுறாங்க. ஆனா அதே டேட்டால இன்னொரு நம்பர் இருக்கு, 102 ஆர்பிஎம். நிமிஷத்துக்கு வெறும் 102 சுத்து. நம்ம பைக்கு சிக்னல்ல சும்மா நிக்கும்போதே ஆயிரத்துக்கு மேல சுத்தும். இந்த எஞ்சினைப் புரிஞ்சுக்கணும்னா அந்த 102ல இருந்துதான் ஆரம்பிக்கணும், ஏன்னா மத்த எல்லா விசித்திரமும் அதுல இருந்துதான் வருது.

முதல்ல ப்ரொப்பெல்லரைப் பாருங்க. கப்பலை முன்னாடி தள்ளணும்னா தண்ணிய பின்னாடி தள்ளணும், கொஞ்சம் தண்ணிய ரொம்ப வேகமா தள்ளலாம், இல்லன்னா நிறைய தண்ணிய மெதுவா தள்ளலாம், ரெண்டுலயும் அதே தள்ளுவிசை கிடைக்கும், ஆனா ரெண்டாவது வழியில வீணாப்போற சக்தி ரொம்ப கம்மி. அதனால ப்ரொப்பெல்லர் எவ்ளோ பெருசா, எவ்ளோ மெதுவா இருக்கோ அவ்ளோ லாபம். எம்மா மெர்ஸ்கோட ப்ரொப்பெல்லர் 9.6 மீட்டர் விட்டம், எடை 130 டன் கிட்ட. 102 ஆர்பிஎம்ல சுத்தும்போதே அதோட இறக்கை நுனி மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல தண்ணியக் கிழிச்சுட்டுப் போகுது, நீங்களே கணக்கு போட்டுப் பாக்கலாம். இதுக்கு மேல வேகமா சுத்தவிட்டா இறக்கை பின்பக்கம் அழுத்தம் கொறைஞ்சு தண்ணியே கொதிச்சு குமிழ் குமிழா வரும், அந்தக் குமிழ் வெடிச்சு வெடிச்சு வெண்கலத்தையே அரிச்சு எடுத்துடும், கேவிட்டேஷன்னு சொல்றது அதைத்தான்.

சரி, ப்ரொப்பெல்லர் மெதுவா சுத்தணும், எஞ்சின் வேகமா சுத்தட்டும், நடுவுல ஒரு கியர்பாக்ஸ் போட்டுடலாமேன்னு கேக்கலாம். சின்னக் கப்பல்கள்ல, ஃபெரியில எல்லாம் அப்படித்தான் போடுறாங்க. ஆனா 80 மெகாவாட்டை ஒரு கியர்பாக்ஸ் வழியா மாசக்கணக்கா நடுக்கடல்ல ஓட்டணும்னா அதுல போற நஷ்டம், அது உடைஞ்சா என்ன ஆகும்ங்கிற பயம், ரெண்டும் இருக்கு. அதனால இந்தப் பெரிய கப்பல்கள்ல எஞ்சினோட க்ராங்க்‌ஷாஃப்டும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் நேரடியா போல்ட் போட்டு இணைச்சிருக்கும். நடுவுல கியரும் கிடையாது, கிளட்சும் கிடையாது. எஞ்சின் சுத்துனா ப்ரொப்பெல்லர் சுத்தும், அவ்ளோதான். எஞ்சின் பெருசா மெதுவா இருக்குறதுக்குக் காரணம் ப்ரொப்பெல்லர்தான்.

மெதுவா சுத்துற எஞ்சின்ல பவர் எப்படி எடுப்பீங்க? ஒவ்வொரு சுத்துக்கும் நிறைய வேலை வாங்கணும், வேற வழியே இல்ல. அதுக்குத்தான் 96 சென்டிமீட்டர் போர், அதாவது சிலிண்டரோட விட்டம், 2.5 மீட்டர் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேல இருந்து கீழ போற தூரம். ஒரே ஒரு சிலிண்டரோட கொள்ளளவு 1800 லிட்டர், அதுமாதிரி 14. உள்ள எரியும்போது அழுத்தம் 140 பார் கிட்ட, அதாவது வெளிக்காத்து அழுத்தத்தை மாதிரி சுமார் 140 மடங்கு போகும், அந்த பிஸ்டன் பரப்புக்கு கணக்கு போட்டா ஒரு பிஸ்டன் மேல சுமார் ஆயிரம் டன் அழுத்துது. இதுல எனக்கு ரொம்ப ஆச்சரியமா பட்ட விஷயம் ஒண்ணு இருக்கு. 102 ஆர்பிஎம்ல 2.5 மீட்டர் மேலயும் கீழயும் போனா பிஸ்டனோட சராசரி வேகம் செகண்டுக்கு 8.5 மீட்டர். 85 மிமீ ஸ்ட்ரோக் உள்ள ஒரு காரு எஞ்சின் 3000 ஆர்பிஎம்ல ஓடும்போதும் அதே 8.5 மீட்டர்தான் வருது. ஆக பிஸ்டன் வேகத்துல ரெண்டும் ஒண்ணுதான், உரசல், ரிங் தேய்மானம், ஆயில் தாங்குறது எல்லாம் சேந்து அந்த வேகத்துக்கு ஒரு எல்லை போட்டு வச்சிருக்கு, அந்த எல்லைக்குள்ள ஸ்ட்ரோக்கை நீட்டினா சுத்து தானா கொறைஞ்சுடும்.

ஸ்ட்ரோக் நீளமானதும் அடுத்த பிரச்சினை வருது. காருல பிஸ்டன்ல நேரா கனெக்டிங் ராடு மாட்டியிருக்கும், அந்த ராடு சாய்ஞ்சு சாய்ஞ்சு ஆடும்போது பிஸ்டனைப் பக்கவாட்டுல சிலிண்டர் சுவத்துல தள்ளும். ரெண்டரை மீட்டர் ஸ்ட்ரோக்ல அப்படி விட்டா சிலிண்டரோட உள்சுவரான லைனரோட அடிப்பக்கமே ராடு இடிக்கும், லைனரும் சீக்கிரம் போயிடும். அதுக்குத்தான் க்ராஸ்ஹெட். பிஸ்டன்ல இருந்து ஒரு பிஸ்டன் ராடு நேரா, சாயாம, மேலயும் கீழயும் மட்டும் போகும். அது கீழ க்ராஸ்ஹெட்ல வந்து சேரும், க்ராஸ்ஹெட் ரெண்டு பக்கமும் கைடுல வழுக்கிட்டு ஓடும், பக்கவாட்டுத் தள்ளு எல்லாத்தையும் அந்த கைடு வாங்கிக்கும், அதுக்குக் கீழதான் கனெக்டிங் ராடு ஆட ஆரம்பிக்கும். பழைய நீராவி எஞ்சின்கள்ல இருந்து வந்த ஏற்பாடுதான் இது. என்னைக் கேட்டா இந்த எஞ்சினோட உயிர்நாடியே க்ராஸ்ஹெட்தான், ஏன்னா அது இன்னொரு வேலையும் செய்யவிடுது. பிஸ்டன் ராடு நேரா போறதால அதைச் சுத்தி ஸ்டஃபிங் பாக்ஸ்னு ஒரு சீல் போட்டு, மேல எரியுற இடத்தையும் கீழ அச்சு சுத்துற க்ராங்க்கேஸையும் முழுசா பிரிச்சுடலாம். மேல இருந்து வர்ற கரி, அமிலம் எதுவும் கீழ பேரிங்குக்குப் போற ஆயில்ல கலக்காது. அதனால ரெண்டு தனித்தனி ஆயில். க்ராங்க்கேஸ்ல சுத்திவர்ற சிஸ்டம் ஆயிலை வருஷக்கணக்கா சுத்தம் பண்ணிப் பண்ணியே ஓட்டுவாங்க, மேல லைனர்ல போற சிலிண்டர் ஆயில் ஒரு தடவை உள்ள போனா எரிஞ்சு வழிஞ்சு போயிடும், திரும்பி வராது.

இது டூ ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக்னா நமக்கு உடனே புகை விட்டுட்டு போன பழைய ஸ்கூட்டர்தான் ஞாபகம் வரும், ஆனா இங்க ஆயிலை ஃப்யூவலோட கலக்குறது எல்லாம் கிடையாது. லைனர் அடியில சுத்திலும் ஓட்டைகள் இருக்கும், மேல சிலிண்டர் கவர் நடுவுல ஒரே ஒரு பெரிய எக்ஸாஸ்ட் வால்வ். பிஸ்டன் கீழ வரும்போது முதல்ல மேல வால்வ் தொறக்கும், எரிஞ்ச வாயு வெளிய பாயும், அப்புறம் பிஸ்டன் அந்த ஓட்டைகளைத் தாண்டினதும் டர்போசார்ஜர் அழுத்தி வச்சிருக்குற சுத்தமான காத்து அடியில இருந்து சுழண்டு மேல ஏறி மிச்ச புகையத் தள்ளிட்டு சிலிண்டரை நிரப்பும். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை எரியுது. அந்த ஓட்டை வழியா இன்னொரு வசதியும் இருக்கு, கப்பல் துறைமுகத்துல நிக்கும்போது இன்ஜினியர்கள் அந்தக் காத்து வந்து நிக்குற ஸ்கேவஞ்ச் பெட்டிக்குள்ள எறங்கி டார்ச் அடிச்சுப் பாத்தா பிஸ்டன் ரிங் உடைஞ்சிருக்கா, லைனர்ல கீறல் இருக்கான்னு எதையும் பிரிக்காமலே தெரிஞ்சுடும். சூட்டுலயும் கரியிலயும் வளைஞ்சு உக்காந்து செய்யுற வேலை, ஜூனியர்கள் தலையிலதான் அது பெரும்பாலும் விழும்.

மெதுவா சுத்துறதோட பெரிய பலன் எரியுறதுலதான் தெரியுது. ஒரு சுத்துக்கு அரை செகண்டுக்கு மேல டைம் இருக்கு, காருல 3000 ஆர்பிஎம்ல அதுல சுமார் முப்பதுல ஒரு பங்குதான். அவ்ளோ நேரம் கிடைக்குறதால சாதாரண எஞ்சின்கள் தொடாத ஃப்யூவலையும் இது எரிச்சுடும். க்ரூட் ஆயில்ல பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் எடுத்த பிறகு அடியில தங்குற கருப்பு மிச்சம்தான் ஹெவி ஃப்யூவல் ஆயில், ஆறிப்போனா பம்ப்ல கூட ஓடாது. டேங்க்லயே 40, 50 டிகிரி சூடா வச்சிருக்கணும், அழுக்கைப் பிரிச்சு எடுக்குற பியூரிஃபையருக்குள்ள விடும்போது 98 டிகிரி, எஞ்சினுக்குள்ள இன்ஜெக்ட் பண்றதுக்கு முன்னாடி 130 டிகிரிக்கு மேல சூடாக்கினாத்தான் ஸ்ப்ரே ஆகுற அளவுக்கு இளகும். ரிஃபைனரியில இருந்து வர்ற அலுமினியம் சிலிக்கான் துகள், கேட் ஃபைன்ஸ்னு சொல்வாங்க, அது பியூரிஃபையர்ல சரியா பிரியலன்னா லைனர், ரிங், ஃப்யூவல் பம்ப் எல்லாத்தையும் உப்புத்தாள் போட்ட மாதிரி தேச்சுடும். அதனாலதான் எஞ்சின் ரூம்ல நேரம் அதிகமா போறது மெயின் எஞ்சின்ல இல்ல, அதுக்கு சாப்பாடு தயார் பண்ற பியூரிஃபையர் ரூம்ல. முழு பவர்ல ஓடுனா எம்மா மெர்ஸ்க் மாதிரி எஞ்சின் மணிக்கு 13, 14 டன் குடிக்கும், அதை சிலிண்டருக்கும் சுத்துக்கும் வகுத்தா ஒரு தடவைக்கு 160 கிராம் கிட்ட வருது.

கேக்க பயங்கரமா இருந்தாலும், இந்த எஞ்சின் ஃப்யூவல்ல இருக்குற சக்தியில பாதிய அப்படியே ஷாஃப்டுக்குக் கொடுத்துடுது. 50 சதவீதம்ங்கிறது சாதாரண விஷயமே இல்ல, டீசல் எஞ்சினைக் கண்டுபிடிச்ச ருடால்ஃப் டீசல் 1897ல ஆக்ஸ்பர்க்ல ஓட்டிக் காட்டின முதல் எஞ்சின் 26 சதவீதம்தான் கொடுத்துச்சு, அதுவே அன்னைக்கு நீராவி எஞ்சின்களை எல்லாம் தூக்கிச் சாப்பிட்ட சாதனை. அவரு 1913 செப்டம்பர்ல ஆன்ட்வெர்ப்ல இருந்து இங்கிலாந்துக்குப் போற கப்பல்ல ராத்திரி காணாமப் போயிட்டாரு, ஆனா அதுக்கு முந்தின வருஷமே அவரோட எஞ்சின் சமுத்திரம் தாண்டிடுச்சு. 1912 பிப்ரவரியில கோபன்ஹேகன்ல இருந்து பாங்காக்குக்குக் கிளம்பின செலாண்டியாங்கிற கப்பல், பர்மைஸ்டர் அண்ட் வெய்ன் கம்பெனி கட்டினது, ரெண்டு எஞ்சின், ஒவ்வொண்ணும் 1250 ஹெச்பி. வழியில லண்டன்ல நின்னப்போ அன்னைக்கு பிரிட்டிஷ் கடற்படை அமைச்சரா இருந்த சர்ச்சில் நேர்ல வந்து ஏறிப் பாத்தாரு. அந்தக் கப்பல்ல புகைபோக்கியே கிடையாது, எக்ஸாஸ்டை பாய்மரக் கம்பம் வழியா விட்டிருந்தாங்க. நெருப்புக்கு முன்னாடி நின்னு கரி அள்ளிப் போட்டே ஆயுசு கொறைஞ்ச ஒரு கூட்டத்துக்கே அந்த வேலை முடிவுக்கு வர ஆரம்பிச்சது அங்கதான், எனக்கு அந்தப் பயணத்துல முக்கியமா படுறது அது. அந்த பர்மைஸ்டர் அண்ட் வெய்னை 1980ல ஜெர்மனியோட மான் கம்பெனி வாங்கிடுச்சு (2025ல அந்த எஞ்சின் கம்பெனி பேரை எவரெலன்ஸ்னு மாத்திட்டாங்க), இன்னொரு பக்கம் சுவிட்சர்லாந்து சுல்சர் வார்ட்சிலா கைக்குப் போய் இப்போ வின்ஜிடிங்கிற பேர்ல சீன அரசு கம்பெனிகிட்ட இருக்கு. டிசைன் இவங்களுது, ஆனா வார்த்து, கடைஞ்சு, கட்டுறது பெரும்பாலும் கொரியா, சீனா, ஜப்பான்ல லைசன்ஸ் எடுத்த ஆலைகள்.

ரிவர்ஸ் போறது இன்னொரு தனிக்கதை. கியரே இல்லையே, அப்போ கப்பல் பின்னாடி எப்படிப் போகும்? எஞ்சினையே நிறுத்தி எதிர்ப்பக்கமா ஸ்டார்ட் பண்ணணும். ஸ்டார்ட் பண்றதுக்கு 30 பார் அழுத்தத்துல பெரிய பாட்டில்கள்ல காத்து வச்சிருப்பாங்க, அதை சரியான சிலிண்டருக்குள்ள சரியான நேரத்துல விட்டா பிஸ்டனைத் தள்ளி எஞ்சினை சுத்திவிடும், அப்புறம் ஃப்யூவல் போகும். திரும்பக் காத்து நிரப்பாமலே 12 தடவை ஸ்டார்ட் பண்ற அளவுக்கு பாட்டில்ல இருப்பு இருக்கணும்னு விதியே இருக்கு. ஓடிட்டிருக்குற கப்பல்ல தண்ணி ப்ரொப்பெல்லரை முன்பக்கமாவே சுத்திட்டிருக்கும், அதை எதிர்த்து காத்தை விட்டு நிறுத்தி எதிர்ப்பக்கம் திருப்புறதுக்குள்ள கப்பல் எவ்ளோ தூரம் போயிடும்ங்கிறதை யோசிச்சா, இவ்ளோ பெரிய கப்பலுக்கு பிரேக்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு புரியும்.

இன்னொண்ணு பலரும் கவனிக்காதது. 80 மெகாவாட் எஞ்சின் வந்து இருபது வருஷம் ஆகுது, கப்பல்கள் அதுக்கப்புறம் இன்னும் பெருசாத்தான் ஆச்சு, ஆனா எஞ்சின் சின்னதாயிடுச்சு. 2021ல சூயஸ் கால்வாய்ல குறுக்க மாட்டி ஆறு நாள் உலகத்தையே நிறுத்தின எவர் கிவன் 20,000 கன்டெய்னர் கப்பல், எம்மாவை விடப் பெருசு, அதோட எஞ்சின் 59,300 கிலோவாட், 79 ஆர்பிஎம்தான். காரணம் வேகத்துக்கும் பவருக்கும் இருக்குற கணக்கு. வேகத்தை இரட்டிப்பாக்கணும்னா சுமார் எட்டு மடங்கு பவர் வேணும், அதையே திருப்பிப் போட்டா வேகத்தைக் கொஞ்சம் கொறைச்சாலே ஃப்யூவல் பெருசா மிச்சமாகும். 2008 பொருளாதார சரிவுக்கப்புறம் பெரும்பாலான கப்பல் கம்பெனிகளும் ஸ்லோ ஸ்டீமிங்குக்கு, அதாவது மெதுவா ஓட்டுறதுக்கு எறங்கினாங்க, 25 நாட் (மணிக்கு சுமார் 46 கிலோமீட்டர்) ஓடினது 18க்கு வந்துச்சு. புது டிசைன்கள் இன்னும் நீள ஸ்ட்ரோக், இன்னும் பெரிய ப்ரொப்பெல்லர், இன்னும் மெதுவான சுத்துன்னு போச்சு, மானோட ஜி95ங்கிற எஞ்சின்ல ஸ்ட்ரோக் 3.46 மீட்டர். பழைய எஞ்சின்களுக்குத்தான் கஷ்டம், வேகத்துக்குக் கட்டினதை மெதுவா ஓட்டினா லைனர் சூடு கொறைஞ்சு, ஃப்யூவல்ல இருக்குற கந்தகம் ஈரத்தோட சேந்து சல்ஃப்யூரிக் ஆசிடா லைனர் சுவத்துல படிஞ்சு அரிச்சது, அதை சமாளிக்க காரத்தன்மை அதிகமான சிலிண்டர் ஆயில் போட வேண்டி வந்துச்சு. அப்புறம் 2020 ஜனவரி 1ல இருந்து ஃப்யூவல்ல கந்தகம் 3.5 சதவீதத்துல இருந்து 0.5க்கு கொறையணும்னு ஐநாவோட கப்பல் போக்குவரத்து அமைப்பான ஐஎம்ஓ விதி வந்ததும் ஒண்ணு காசு அதிகம் கொடுத்து நல்ல ஃப்யூவல் வாங்கணும், இல்லன்னா புகைய கடல் தண்ணியில கழுவுற ஸ்க்ரப்பர் மாட்டணும்னு ஆயிடுச்சு. கழுவின தண்ணிய திரும்ப கடல்லயே விடுற ஓப்பன் லூப் ஸ்க்ரப்பரை ஒரு தீர்வுன்னு என்னால ஏத்துக்க முடியல, காத்துல போனது தண்ணியில போகுது, அவ்ளோதான்.

இவ்ளோ பலமான எஞ்சின் தனியா நிக்க முடியாதுங்கிறதையும் சொல்லியாகணும், ஏன்னா அதுக்கு ஆறு பேர் உயிரைக் கொடுத்திருக்காங்க. 2024 மார்ச் 26 ராத்திரி அமெரிக்காவுல பால்டிமோர்ல இருந்து கொழும்புக்குக் கிளம்பின டாலி, 300 மீட்டர் கப்பல், 2015ல கொரியாவுல கட்டினது, 41,480 கிலோவாட் மான் எஞ்சின், க்ரூவுல பெரும்பாலும் நம்ம இந்தியப் பசங்க, ஒரு இலங்கைக்காரரும் இருந்தாரு. வழியில இருந்த ஃப்ரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாடி கரண்ட் போச்சு. ப்ரொப்பெல்லருக்கு கரண்ட் தேவையில்ல, எஞ்சின் தானாதான் எரியுது, ஆனா அதைக் குளிர்விக்குற தண்ணி பம்ப் கரண்ட்ல ஓடுது. பம்ப் நின்னதும் அழுத்தம் போச்சு, எஞ்சின் தன்னைக் காப்பாத்திக்கத் தானே நின்னுடுச்சு. டிசைன் படி அது சரியாத்தான் வேலை செஞ்சுது, அதான் இதுல கொடுமை. ப்ரொப்பெல்லர் தள்ளுற தண்ணி சுக்கான்ல படலன்னா சுக்கானுக்கும் வலு ரொம்பக் கொறைஞ்சுடும். க்ரூ கரண்டைத் திரும்பக் கொண்டுவந்தாங்க, ஜெனரேட்டருக்கு ஃப்யூவல் அழுத்தம் பத்தாம மறுபடியும் போச்சு, முதல் தடவை போனதுல இருந்து சுமார் நாலு நிமிஷத்துல பாலத்து தூண்ல மோதி பாலமே சரிஞ்சு விழுந்துடுச்சு. பாலத்து மேல ராத்திரி ரோடு வேலை பாத்துட்டிருந்த ஆறு பேர் போயிட்டாங்க. முதல் கரண்ட் கட்டுக்குக் காரணம் சரியா மாட்டாத ஒரே ஒரு சிக்னல் வயர்னு அமெரிக்க விசாரணை அமைப்பு 2025 நவம்பர்ல சொல்லுச்சு. நடுக்கடல்ல எஞ்சினைக் காப்பாத்துறது சரி, பாலத்துக்கு முன்னாடி எஞ்சின் போனாலும் பரவாயில்ல இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடுன்னு சொல்ற வசதி கப்பல் ஓட்டுறவங்க கையில இருந்தே ஆகணும்ங்கிறது என் கருத்து.

இனிமே என்னன்னு பாத்தா, எஞ்சின் உருவம் மாறுற மாதிரி தெரியல, உள்ள போறதுதான் மாறுது. 2020ல வந்த 23,000 கன்டெய்னர் ஜாக் சாதே கப்பல் எல்என்ஜியில, அதாவது குளிர வச்சு திரவமாக்கின இயற்கை எரிவாயுல ஓடுது, 2024ல வந்த ஆனே மெர்ஸ்க் கப்பல் மெத்தனால்ல ஓடும். மெத்தனால்ல எடைக்கு எடை பாதி சக்திதான், டேங்க் ரெண்டரை மடங்கு வேணும், அந்த இடத்துக்கு கன்டெய்னர் ஏத்த முடியாது. எல்என்ஜியில எரியாம தப்பிக்குற மீத்தேன் கார்பன் டை ஆக்சைடை விட மோசமா சூடேத்தும். அடுத்து அமோனியா, கார்பனே கிடையாது, ஆனா தீ பிடிக்கவும் கஷ்டம், பிடிச்சாலும் ரொம்ப மெதுவா எரியும், பத்தவைக்கவே கொஞ்சம் டீசல் ஊத்தணும். மெதுவா எரியுற ஃப்யூவலுக்கு இதே மெதுவான எஞ்சின்தான் பொருத்தம், அதனாலதான் மானும் வின்ஜிடியும் அதுல எறங்கியிருக்காங்க. ஆனா எஞ்சின் ரூம் ஆளுங்களுக்கு அமோனியா வேற மாதிரி விஷயம். ஹெவி ஃப்யூவல் பைப் ஒழுகினா தொடச்சுட்டு கிளாம்ப் போடலாம், அமோனியா காத்துல 300 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 300 பங்கு போனாலே உயிருக்கு ஆபத்து. அதனால பைப்புக்குள்ள பைப்பு, நடுவுல இருக்குற இடைவெளியில மணிக்கு 30 தடவை காத்து மாத்துற ஃபேன், ஒவ்வொரு மூலையிலயும் கேஸ் டிடெக்டர், மூச்சுக்கருவின்னு எல்லாம் வேணும், அதையெல்லாம் பராமரிக்க ஆளும் வேணும், இருபது இருபத்தஞ்சு பேர் மட்டுமே இருக்குற கப்பல்ல அந்த ஆளை இன்னும் யாரும் கூட்டல.